சாமி செய்வது என்ன வேலை? கத்தோலிக்கக் குருத்துவம் பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஒரு லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் ஒரு வரிசை வீடுகளில், இரண்டோ மூன்றோ வேதக்கார வீடு இருக்கும், மற்றதெல்லாம் மாரியம்மனைக் கும்பிடும் வீடுகள். மாதத்துக்கு ஒருமுறை பங்குக் கோவிலிலிருந்து ஃபாதர் வந்து, மேட்டு லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கோவிலில் பூசை வைப்பார். அப்படி ஒரு நாள் பூசை முடிந்து அவருடைய ஆட்டோ வளைவில் மறைந்ததும், பக்கத்து வீட்டுத் தம்பி என்னிடம் கேட்டான்: "ஏண்ணே, பூசை இல்லாத நாள்ல ஒங்க சாமிக்கு என்ன வேலை?"

தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மாரியம்மன் கோவில் பூசாரி அவனுக்கு மாமா முறை. அவர் பகலில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போவார், வந்து குளித்துவிட்டு விளக்கேற்றுவார். வீட்டில் மாமி, மூன்று பிள்ளைகள். எங்கள் ஃபாதருக்கோ வேறு தொழிலும் இல்லை, குடும்பமும் இல்லை. அப்படியானால் அவர் யார்? அன்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். மலையகத்தில் பெரியவர்கள் 'சாமி' என்பார்கள், இளையவர்கள் 'ஃபாதர்' என்பார்கள், எழுத்தில் 'குரு' அல்லது 'அருட்தந்தை' என்று வரும். சாமி என்ற சொல்லில் கடவுளுக்குப் பக்கத்தில் நிற்பவர் என்ற மரியாதை இருக்கிறது. குரு என்றால் கற்றுத் தருபவர். தந்தை என்றால் வீட்டு ஆள், நம்மவர். மூன்றுமே ஓரளவு உண்மைதான். ஆனால் புதிய ஏற்பாட்டில் திருச்சபையின் பணியாளர்களுக்கு வழங்கிய சொற்களில் ஒன்று 'மூப்பர்'. ஊர்ப் பெரியவர் என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அந்தப் பொருள். பலி செலுத்துகிறவர் என்று பொருள்படும் 'குரு' என்ற சொல்லை அந்த நூல்கள் இந்தப் பணியாளர்களுக்குச் சூட்டவில்லை. யாருக்குச் சூட்டின என்று பார்த்தால்தான் இந்த விஷயத்தின் அடி பிடிபடும்.

எபிரேயருக்கு எழுதிய திருமடல் அந்தச் சொல்லை இயேசுவுக்குக் கொடுக்கிறது. குரு என்றால் அவர் ஒருவரே. அவர் ஆட்டையோ மாட்டையோ பலி கொடுக்கவில்லை, தன்னையே கொடுத்தார், அதுவும் ஒரே முறை. ஆகவே கத்தோலிக்க நம்பிக்கையில் குருத்துவம் என்பது வேறெங்கும் தொடங்குவதில்லை, அவரிடம்தான் தொடங்குகிறது. அடுத்து, பேதுருவின் முதல் திருமடல் அந்தச் சொல்லை மக்கள் அனைவருக்கும் கொடுக்கிறது: நீங்கள் அரச குருக்களின் கூட்டம் என்கிறது. திருமுழுக்குப் பெற்ற எல்லோருக்கும் அந்த ஒரே குருத்துவத்தில் பங்கு உண்டு. குழந்தைக்கும் உண்டு, கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கும் உண்டு.

பலருக்கு இது புதிதாக இருக்கும். 1962 முதல் 1965 வரை, உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடி நடத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் இதைத் தெளிவாகச் சொன்னது. மக்கள் எல்லோருக்கும் உள்ளது பொதுக் குருத்துவம். சடங்கு வழியாகக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவருக்கு உள்ளது பணிக் குருத்துவம். இரண்டும் ஒன்று கூடுதல், ஒன்று குறைவு என்ற கணக்கில் வருவதில்லை, வேறு வேறு தன்மை உடையவை. ஆனால் ஒன்றுக்கு மற்றது வேண்டும். பணிக் குருத்துவம் இருப்பதே பொதுக் குருத்துவத்துக்கு ஊழியம் செய்யத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எங்கள் சின்னக் கோவில் திருநாளில் பார்த்ததைச் சொல்கிறேன். காணிக்கை நேரத்தில் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுபோகும்போது, பெண்கள் ஒரு கூடை பச்சைக் கொழுந்தும் சேர்த்துக் கொண்டுபோவார்கள். காலையில் பறித்தது, இன்னும் ஈரம் காயாதது. பீடத்தில் நிற்கும் ஃபாதர் எதையும் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை. மக்கள் கொண்டுவந்ததை வாங்குகிறார். அப்பத்தைக் கையில் ஏந்தி, இது நிலத்தின் விளைவு, மனித உழைப்பின் பயன் என்று சொல்லிக் கடவுளிடம் கொடுக்கிறார். கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் கிலோக் கணக்காக மட்டும் பார்க்கப்படும் உழைப்பு அங்கே காணிக்கை ஆகிறது. மலையில் நிற்கும் அம்மாவின் முதுகுவலியும், கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த தழும்பும் அவருடைய பலி. அதைச் செலுத்தும் குரு அவரேதான். பீடத்தில் நிற்பவர் அந்தப் பலியைக் கிறிஸ்துவின் பலியோடு சேர்த்து வைக்கிறார்.

அப்புறம்தான் பூசையின் நடு இடம் வருகிறது. குரு அப்பத்தை எடுத்து "இது என் உடல்" என்கிறார். 'அவருடைய உடல்' என்று சொல்வதில்லை. நாவலப்பிட்டியிலோ பண்டாரவளையிலோ பிறந்த ஒரு மனிதர் அப்படி எப்படிச் சொல்ல முடியும்? அந்த நொடியில் அவர் தன் வாயை இரவலாகக் கொடுத்திருக்கிறார், பேசுகிறவர் கிறிஸ்து. கத்தோலிக்கக் குருவின் ஆன்மிகம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம். காலையில் "இது என் உடல், உங்களுக்காகக் கையளிக்கப்படும்" என்று சொன்னவர், சாயங்காலம் தன் உடலைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. மழையில் மலை ஏறும் கால், நோயாளியின் கையைப் பிடிக்கும் கை, அலுத்துப்போன பிறகும் கேட்டுக்கொண்டிருக்கும் காது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

ஒருவர் குருவாவது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் குறைந்தது ஆறு ஆண்டு படிக்க வேண்டும். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் இருக்கும் தேசிய குருமடம் பலருக்குத் தெரியும். அதே அம்பிட்டியவில் 1893 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக ஒரு குருமடம் தொடங்கினார், அது 1955 இல் புனேக்கு இடம் மாறியது. படிப்பு முடிந்தவர் முதலில் திருத்தொண்டர் ஆவார், பிறகு குரு. ஒரு மறைமாவட்டத்தை நடத்தும் ஆயர் என்பது மூன்றாவது நிலை.

திருநிலைப்பாட்டுச் சடங்கை ஒருமுறையாவது நேரில் பாருங்கள். புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடும்போது குருவாகப் போகும் இளைஞர் தரையில் முகம் குப்புறக் கிடப்பார். கோவில் நிறைய ஆட்கள் பாடிக்கொண்டிருக்க, குளிர்ந்த தரையில் ஒரு மனிதர் அசையாமல் கிடப்பதைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். அதற்கு முன்பே தன் இரு கைகளையும் கூப்பி ஆயரின் கைகளுக்குள் வைத்துக் கீழ்ப்படிதலை வாக்களித்திருப்பார். மன்றாட்டு முடிந்ததும் ஆயர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் தலையில் கை வைப்பார். வந்திருக்கும் குருக்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து அதையே செய்வார்கள். அப்போது பாட்டு இருக்காது, கோவிலே மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு அர்ப்பணிப்பு மன்றாட்டு. பிறகு அவருடைய உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலம் என்ற புனித எண்ணெயைப் பூசுவார்கள். அந்தக் கைகளைத் துடைத்த துணியைத் தாயிடம் கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. தாய் இறக்கும்போது அதை அவர் கைகளில் வைத்து அடக்கம் செய்வார்கள்.

சரி, சடங்கு புரிகிறது. வாழ்க்கை எப்படி இருக்கும்? நம் மலைநாட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது.

கோவாவில் 1651 இல் பிறந்தவர் யோசப் வாஸ். அந்தக் காலத்தில் இலங்கையின் கரையோரங்கள் ஒல்லாந்தர் கையில் இருந்தன. கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்களைத் துரத்தியிருந்தார்கள். மக்கள் பல ஆண்டுகளாகப் பூசை இல்லாமல் இருந்தார்கள். இதைக் கேள்விப்பட்ட அவர் 1687 இல் கூலியாள் வேடத்தில் வடக்கில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைப் பார்த்ததும் யார் முகம் மாறுகிறது என்று கவனித்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்திய கதை இது. கூலி என்ற சொல் பிறகு நம்மவர் மேல் ஒட்டிக்கொண்டது, அந்தச் சொல் தந்த அவமானத்தை நாம் அறிவோம். ஒரு குரு இந்தத் தீவுக்குள் அந்த உடுப்பைத் தானாக விரும்பிப் போட்டுக்கொண்டு வந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1692 இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறை வைத்தார்கள். காலம் போக, அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை நம்பினான். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதி உள்ளவர்கள் நகரத்தை விட்டுப் போனார்கள், அரசனும் போனான். நோயாளிகள் கைவிடப்பட்டார்கள். யோசப் வாசும், அவருக்கு மருமகன் முறையான யோசப் கர்வாலோ என்ற குருவும் போகவில்லை. நோயாளிகளுக்குக் குடிசை போட்டார்கள், கஞ்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். யார் எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. 1711 ஜனவரி 16 ஆம் திகதி அவர் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பூசை வைப்பது சமயப் பணி, புண் கழுவுவது சமூகப் பணி என்று இன்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அவருக்கு அந்தப் பிரிவு தெரியாது. இரண்டுக்கும் ஒரே கைதான்.

இனி, பூசை இல்லாத நாளின் வேலைக்கு வருகிறேன். அதில் முதல் வேலை செபம். குருவுக்குக் கட்டளைச் செபம் என்று ஒன்று உண்டு. விடியலில் தொடங்கி இரவு படுக்கும் வரை, குறித்த வேளைகளில் திருப்பாடல்களைச் சொல்ல வேண்டும். இது அவருடைய தனிப்பட்ட பக்தி மட்டும் இல்லை, மக்களுக்காகச் செய்ய வேண்டிய கடமை. நாலு மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடும் பெண்ணுக்கு உட்கார்ந்து செபிக்க நேரம் ஏது? அவள் பெயரில் இன்னொருவர் அந்நேரம் திருப்பாடல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு இது தெரியாமலே இருக்கலாம்.

அடுத்தது பாவசங்கீர்த்தனம், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. இப்போது ஒப்புரவு என்கிறோம். லயத்தில் வாழ்ந்தவருக்கு இதன் அருமை தனியாகப் புரியும். சுவர் பெயருக்குத்தான். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் "என்ன, சளியா?" என்பார்கள். சண்டை, அழுகை, கடன் எதுவும் மறைவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில், சொன்ன சொல் ஒருவரோடு நின்றுவிடும் என்ற உறுதி சின்ன விஷயம் இல்லை. ஒப்புரவில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் சொல்லக் கூடாது, தன் உயிருக்கு ஆபத்து என்றாலும் கூடாது. மீறி வேண்டுமென்றே வெளிப்படுத்தினால் திருச்சபைச் சட்டப்படி அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கி வைப்பதுதான் தண்டனை. பாவத்தை மன்னிப்பவர் கடவுள்தான். ஆனால் "நான் மன்னிக்கிறேன்" என்று காதில் விழுவது ஒரு மனிதக் குரலாக இருக்க வேண்டியிருக்கிறது. இங்கேயும் அதே இரவல் குரல்தான்.

கலியாணம் ஏன் இல்லை என்ற கேள்விதான் நம் ஊரில் அதிகம் கேட்கப்படுவது. கலியாணம் அசுத்தம் என்று திருச்சபை நினைப்பதில்லை, அதுவும் ஓர் அருட்சாதனம், கடவுளின் அருளைத் தரும் சடங்கு. பேதுருவுக்கு மாமியார் இருந்தார், நற்செய்தியில் வருகிறது. கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகளில் கலியாணமானவர்களையும் குருக்களாகத் திருநிலைப்படுத்தும் மரபு உண்டு. இலத்தீன் திருச்சபையில், அதாவது நம்முடையதில், மணத்துறவு பொதுச் சட்டம். ஒரு வீட்டுக்கென்று ஆகாமல் எல்லா வீட்டுக்கும் ஆள் ஆவது அதன் நோக்கம். சொல்வது எளிது. ஞாயிறு இரவு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, பங்களா மாதிரி இருக்கும் ஒரு பழைய பங்குமனையில் தனியாகச் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடும் மனிதரை நினைத்துப் பாருங்கள். நாமும் அவரைத் திருநாளுக்கும் சாவுக்கும் மட்டும் தேடுகிறோம். சும்மா ஒரு நாள் போய் "சாப்பிட்டீங்களா ஃபாதர்?" என்று கேட்பவர்கள் குறைவு.

இந்தக் காலத்தில் இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் நிறுவை உண்டு. இத்தனை கிலோ பறித்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, குறைந்தால் அரைப் பேர். இப்போது உலகமே அப்படி ஆகிவிட்டது, நிறுத்துக் காட்ட முடியாத வேலை வேலையில்லை. முன்பு கடிதம் எழுதித் தரவும், பள்ளிக்கூடம் நடத்தவும், துரையிடம் பேசவும் சாமி வேண்டியிருந்தது. இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது, பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறார்கள், அறிவுரை சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் வந்துவிட்டார்கள். அப்படியானால் குரு எதற்கு?

இந்தக் கேள்வி நல்லது என்றே நினைக்கிறேன். வேறு ஆட்கள் செய்யக்கூடியதெல்லாம் விலகிய பிறகு எஞ்சி நிற்பது எது என்று அது காட்டிவிடுகிறது. பூசை, மன்னிப்பு, நோயாளிக்குப் பூசும் எண்ணெய், நற்செய்தி, இவற்றுக்காக மட்டுமே வாழ்வைக் கொடுத்த ஒருவரின் இருப்பு. ஆனால் அவர் கோவிலுக்குள்ளேயே இருந்தால் போதும் என்றும் ஆகாது. 1965 இல் குருக்களின் பணி வாழ்வு பற்றி அதே சங்கம் வெளியிட்ட ஏடு, மக்களின் வாழ்வுக்கும் நிலைமைக்கும் அந்நியராக இருப்பவர் அவர்களுக்குப் பணி செய்ய முடியாது என்கிறது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு நாடற்றவர்களாக நின்ற நம் தோட்ட மக்களுக்கு நடுவே பணி செய்பவர், அந்த அநீதியைப் பேசாமல் எப்படி நற்செய்தி பேச முடியும்? இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் சத்தியோதய என்ற நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைகளுக்காகவும் சிங்கள, தமிழ் மக்களை ஒன்றாக உட்கார வைப்பதற்காகவும் உழைத்தார். அவரைப் போன்றவர்களை அரசியல் சாமி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேய்ப்பர்கள் மேல் ஆடுகளின் வாடை வீச வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013 இல் சொன்னார். எங்கள் பக்கத்தில் அது ஈரக் கொழுந்தும் படங்குச் சாக்கும் லயத்து அடுப்புப் புகையும் கலந்த வாடை.

தவறுகளையும் சொல்லியாக வேண்டும். கொழுந்து கூடிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும். அப்படி ஒரு நாள் மலையிலிருந்து நேரே, சேறு காயாத காலோடு பூசைக்குத் தாமதமாக வந்த என் அம்மாவை, பீடத்தில் நின்றபடியே எல்லோர் முன்னாலும் ஒரு ஃபாதர் கடிந்துகொண்டார். அம்மா கடைசி வரிசையில் தலை குனிந்து நின்றதை நான் மறக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர், அந்தப் பருவத்தில் பூசையைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். இருவருக்கும் ஒரே திருநிலைப்பாடுதான். முதலாமவர் கிடைத்ததைத் தன் சொத்தாக நினைத்துவிட்டார்.

இதைவிடக் கொடிய தவறுகளும் உலகெங்கும் வெளிவந்திருக்கின்றன. சிறுவர்களைச் சீரழித்த குருக்களும், அதை மூடி மறைத்தவர்களும் இருந்தார்கள். 2018 ஓகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் இறைமக்கள் அனைவருக்கும் எழுதிய கடிதத்தில், குருக்களை மற்றவர்களுக்கு மேலான ஒரு வகுப்பாக நடத்தும் மனநிலையை இந்தத் தீமையோடு சேர்த்துக் கண்டித்தார். 2019 மே மாதம், இத்தகைய குற்றங்கள் தெரியவந்தால் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் முறையிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். 'சாமி சொன்னா சரி' என்று கண்ணை மூடிக்கொள்வது மரியாதையே இல்லை. "உங்களுக்காக நான் ஆயர், உங்களோடு நான் கிறிஸ்தவன்" என்றார் புனித அகுஸ்தீன். அந்த இரண்டாம் பாதியை மறந்த குருவுக்கு அதை நினைவூட்டும் உரிமை மக்களுக்கு உண்டு.

அந்தத் தம்பி கேள்வி கேட்டு இரண்டு வருடம் போயிருக்கும். மழைக்காலத்து இரவு, என் அம்மாயிக்கு மூச்சு முட்டியது. அவர் அவஸ்தை என்றுதான் கேட்டார், நோயில் பூசுதலுக்குப் பழையவர்கள் சொல்லும் பெயர். ஃபாதருக்குப் போன் போட்டோம். ஆட்டோ மேட்டுப் பாதையில் ஏறவில்லை, பாதி வழியில் இறங்கி நடந்து வந்தார். தம்பிதான் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய் அவரைக் கூட்டிவந்தான்.

உள்ளே வந்தவர் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "பாட்டி, நான் வந்துட்டேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து விரல் அளவு சிமிழை எடுத்தார். உள்ளே எண்ணெயில் நனைத்த பஞ்சு. அம்மாயியின் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு கைகளை விரித்தார். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை, ரேகைகளுக்குள் சாயம் ஏறிக் கறுத்திருந்தது, எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு. அந்த உள்ளங்கைகளில் எண்ணெயைப் பூசிவிட்டு, உடனே விடாமல் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவருடைய உள்ளங்கைகளிலும் ஒரு நாள் எண்ணெய் பூசியிருக்கிறார்கள். பழைய முறையில், நோயுற்ற குருவுக்கு மட்டும் கையின் வெளிப்பக்கத்தில்தான் பூசுவார்கள், உள்ளங்கை ஏற்கெனவே பூசப்பட்டது என்பதால்.

அம்மாயி தூங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அம்மா போட்டுக் கொடுத்த பிளேன்டீயை வாசலில் நின்று குடித்துவிட்டுக் கிளம்பினார். தம்பி மறுபடியும் டார்ச்சோடு கூடப் போனான். முக்கால் மணி நேரம் கழித்து நனைந்து திரும்பி வந்தவன், அடுப்படியில் குந்திக் கையைக் காட்டிக்கொண்டே சொன்னான்:

"சாமியோட சப்பாத்து முழுக்கச் சேறுண்ணே. பீலியில கழுவிட்டுப் போங்கன்னேன். காலையில ஆறு மணிக்குக் கீழ் டிவிசன்ல பூசையாம், திரும்பவும் சேறுதானே தம்பின்னு சொல்லிட்டுப் போறாரு."